இடது கைக்கு ஒரு பதில்

என் மூன்றாம் வகுப்புக்கும் பக்கத்து இரண்டாம் வகுப்புக்கும் நடுவே இருப்பது நெஞ்சளவுச் சுவர். அதனால் அங்கே டோக்பே மேடம் நடத்தும் பாடத்தை என் பிள்ளைகளும் சேர்ந்தே கேட்பார்கள். நானும் அதட்டிப் பார்த்தேன், பயனில்லை. மேடத்தின் குரல் எங்கள் ஊரான ஹோஹோயேயின் சந்தை வரைக்கும் போகும்.

அந்தக் குரலுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள் யாய்ரா. வாசிப்பு கற்பிக்கும் ஆசிரியர்களுக்கென்று கல்வி அலுவலகம் அனுப்பிவைத்த பயிற்சியாளர், சின்னப் பெண். வாரம் ஒருநாள் வருவாள், பின்வரிசையில் இருந்து கவனிப்பாள், பிறகு பேசுவாள். கை தூக்குகிற பிள்ளைகளையே மேடம் கூப்பிடுகிறார், மற்றதுகள் வாயே திறப்பதில்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். சோடா மூடிகளில் எல்லாருடைய பெயரையும் எழுதி, ஒரு பால் டின்னில் போட்டுக் கொடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு மூடியை எடுக்க வேண்டும். யார் பெயர் வருகிறதோ அந்தப் பிள்ளை பதில் சொல்ல வேண்டும்.

மேடத்துக்கு வந்ததே கோபம். "நான் சாக்பீஸ் பிடிச்சப்போ இவ தொட்டில்ல கிடந்திருப்பா. சோடா மூடிய வச்சு எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டா" என்று என்னிடம் பொரிந்து தள்ளினார். டின் அலமாரியின் உச்சிக்குப் போனது.

அதற்குப் பதிலாக மேடம் ஒரு வழி கண்டுபிடித்தார். யாய்ரா வரும் நாளில் எல்லாப் பிள்ளைகளும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தால் வலது கை, தெரியாவிட்டால் இடது கை. பெரியவர்கள் முன்னால் இடது கையை நீட்டினால் எங்கள் வீடுகளில் முதுகில் விழும். வகுப்பில் மட்டும் பரவாயில்லை என்று மேடமே அனுமதி கொடுத்துவிட்டார்.

யாய்ரா நன்றாக ஏமாந்தாள். அடுத்த வாரம் வந்தால், கேட்ட கேள்விக்கெல்லாம் வகுப்பு முழுக்கக் கை. கூப்பிட்ட பிள்ளைகள் எல்லாம் டக்கென்று பதில் சொல்கின்றன. தான் வராத நாட்களில் டின்தான் வேலை செய்திருக்கிறது என்று நினைத்து மேடத்தின் கைகளைப் பிடித்துக்கொண்டாள். "ஆன்ட்டி, உங்ககிட்ட பேசவே பயந்துட்டிருந்தேன். இனி போற ஸ்கூல்ல எல்லாம் உங்களப் பத்திதான் சொல்லப்போறேன். அடுத்த வாரம் அங்க இருக்கற டீச்சர்களையும் கூட்டிட்டு வரேன்."

அன்று மதியம் மேடம் அக்ப்லே என்னும் சோளக்களி உருண்டையைக் குழம்பில் புரட்டிக்கொண்டே இருந்தார். வலது கை அந்த வெண்டைக்காய்க் குழம்பில் இருந்ததால் தண்ணீரை இடது கையால் எனக்குத் தள்ளினார். "இடது கை, மன்னிச்சுக்கோ தம்பி" என்றார். "அதுவும் கைதானே" என்றேன். எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் சொல்லும் பதில்தான். ஆனால் மேடம் என்னையே பார்த்தார். பிறகு எனாமைப் பற்றிச் சொன்னார்.

எனாம் கடைசி பெஞ்சுப் பெண். மற்றப் பிள்ளைகள் இடது கையைத் தூக்கிவிட்டுச் சும்மா இருக்கின்றன. இவள் மட்டும் ஒவ்வொரு முறையும் "இடது கை, மன்னிக்கணும்" என்று மெல்லச் சொல்கிறாளாம். சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறாளாம்.

"என் மூஞ்சியையே பாக்குறா தம்பி. பதில் சொன்னா குட்டு உடைஞ்சிடும்னு நான் திரும்பிக்கிறேன். ஒரு குழந்தை மன்னிப்புக் கேக்குது, வாயத் திறக்காம நிக்கிறேன். நானெல்லாம் என்ன மனுஷி?"

அது கடைசிப் பருவம். அது முடிந்தால் எனாம் என் வகுப்புக்கு வந்துவிடுவாள், அதே இடது கையோடு. மேடம் அவளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்க இன்னும் கொஞ்சம்தான் நேரம் இருக்கிறது என்று சொல்லி, டின்னை இறக்கச் சொன்னேன். மேடம் தலையைக் குனிந்துகொண்டார். செய்வது தப்பென்று தெரிகிறது, அந்தப் பொண்ணு முன்னால் இறங்கி வரத்தான் மனசு வரவில்லை என்றார். எனக்கும் எரிச்சல் வந்தது. பிடிவாதம் இவருடையது, பலன் பிள்ளைக்கா?

சொன்னபடியே யாய்ரா மற்றப் பள்ளி ஆசிரியர்களோடு வந்தாள். அவர்கள் சுவரோரம் நின்றார்கள். யாய்ரா போய் எனாமின் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் என் பிள்ளைகளுக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டுச் சுவரருகே வந்துவிட்டேன்.

மேடம் கேள்வி கேட்டார். எல்லாக் கைகளும் எழுந்தன. எனாம் வழக்கம்போல முணுமுணுத்தாள்.

யாய்ராவும் எங்கள் ஊர் வளர்ப்புதானே. "அதுவும் கைதானே" என்று அவள் வாய் தானாகச் சொல்லிவிட்டது. எனாம் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். அதற்குப் பிறகுதான் யாய்ரா யோசித்தாள். எதற்கு இந்தப் பிள்ளை மன்னிப்புக் கேட்கிறது? குனிந்து கேட்டாள் என்று பிறகு அவளே சொன்னாள். எனாமுக்குச் சூதுவாது தெரியாது. தெரியாதவர்களுக்கு இடது கை என்று மேடம் சொன்னதை அப்படியே சொன்னாள்.

யாய்ரா நிமிர்ந்து பார்த்தாள். வலது கைகள் கொஞ்சம். மீதியெல்லாம் இடது கைகள். அவள் முகம் செத்துப்போனது. வந்தவர்கள் முன்னால் மேடத்தின் மானத்தை வாங்கப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"ஆன்ட்டி, எனாமுக்கு எந்த எழுத்துல தடுமாறுது?"

மேடம் எனாமை வாசிக்கச் சொல்லி ஒரு முறைகூடக் கேட்டதில்லை, எப்படித் தெரியும்? யாய்ராவைப் பார்த்தார், வந்தவர்களைப் பார்த்தார், கடைசியில் எனாமைப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. மெதுவாகத் தன் இடது கையைத் தூக்கினார்.

"இடது கை, மன்னிக்கணும்."

எனாம் கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னாள்.

"அதுவும் கைதானே, மேடம்."

மேடம் அலமாரி மேலிருந்த டின்னை இறக்கித் தூசியைத் தட்டி மேசைமேல் வைத்தார். பிறகு கடைசி பெஞ்சுக்குப் போய் எனாமோடு நெருக்கி உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தார். அவர் என்ன கேட்டார் என்பது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கவில்லை.

மதியம் அவரே சொன்னார். எனாம் தடுமாறியது முதல் பக்கத்தின் முதல் எழுத்திலேயே. பள்ளி திறந்த முதல் வாரம் அவர் சொல்லிக்கொடுத்த எழுத்து அது.