சி பிளாக்குக்குத் தனியாகப் போனவள்

அந்த விதியை எழுதியவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டு யாரும் மேலே படிக்க வேண்டாம்.

2007ஆம் வருஷம். திருப்போரூரைத் தாண்டி, பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டி ஏ, பி, சி என்று மூன்று பிளாக் கட்டியிருந்தார்கள். வீடு வாங்கிப் போட்டவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டில் இருந்தார்கள். அவர்கள் வீடுகளுக்கு வாடகைக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது எங்கள் ஆபீஸ் வேலை. நான் அதற்குப் பொறுப்பு. வருகிறவர்களைக் கூட்டிப்போய் வீடு காட்ட இரண்டு பெண்கள் இருந்தார்கள், அம்சாவும் ஜெயப்பிரியாவும். சி பிளாக்கில் முக்கால்வாசி காலி. லிஃப்ட் கதவு திறந்தால் பெயின்ட் வாடைதான் வரும். நான்காம் மாடியில் நின்று கத்தினால் கேட்டில் இருக்கிற செக்யூரிட்டிக்குக் கேட்காது. நானே ஒருநாள் கத்திப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அதனால்தான் விதி எழுதினேன்.

வீடு காட்டப் பெண்கள் தனியாகப் போகக் கூடாது, செக்யூரிட்டி கூடப் போக வேண்டும். வருகிறவர் அடையாள அட்டையின் நகலைக் கொடுத்த பிறகுதான் சாவியை எடுக்க வேண்டும். இவ்வளவுதான் விதி. கொட்டை எழுத்தில் பிரிண்ட் எடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, சாவிப் பலகைக்கு மேலே ஒட்டினேன். மேனேஜர் ஆனந்தன்கூட வந்து பார்த்துவிட்டு, நல்ல யோசனை மேடம் என்றார்.

விதியில் குறையில்லை. அதை நடத்தியவளிடம்தான் குறை. பகலில் செக்யூரிட்டி சடையப்பன் ஒருவர்தான். பெண்கள் இரண்டு பேர். ஒரே நேரத்தில் இரண்டு பார்ட்டி வந்தால் சடையப்பனை யாரோடு அனுப்புவது என்று நான் முடிவு செய்வேன். எப்படி? ஆளைப் பார்த்துத்தான். பைக்கில் வந்த பையன்களா, தலைமுடியை வளர்த்தவனா, சடையப்பன் கூடப் போவார். குடும்பஸ்தர், நெற்றியில் விபூதி, நறுக்கென்ற பேச்சு என்றால் வேண்டியதில்லை. அப்படிப்பட்ட ஒருவர் ஒருமுறை, என்னைத் திருடன் என்று நினைத்தீர்களா என்று ஆனந்தனிடம் சண்டைக்கே போய்விட்டார். நான் திருக்கழுக்குன்றத்தில் கோயில் தெருவில் பிறந்தவள். என் அப்பா மடைப்பள்ளியில் இருந்தவர். மூஞ்சியைப் பார்த்தே ஆள் எப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு திமிர். அந்தத் திமிரில் மண்ணைப் போட.

அன்றைக்கு ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள். ஆடியில் யார் வீடு பார்க்க வருவார்கள்? அந்த வாரம் முழுக்க ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். ஆனந்தன் தினமும் போன் பண்ணி உயிரை வாங்கினார். பதினோரு மணிக்கு சிறுசேரியில் வேலை பார்க்கிற இரண்டு பையன்கள் பைக்கில் வந்தார்கள். ஒருவன் காதில் கடுக்கன். லைசென்ஸ் நகலை வாங்கி வைத்துக்கொண்டு, அம்சாவையும் சடையப்பனையும் சேர்த்து ஏ பிளாக்குக்கு அனுப்பினேன். அவர்கள் போன கொஞ்ச நேரத்தில் அந்த ஆள் வந்தார்.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. கையில் திருப்போரூர் முருகன் கோயில் பிரசாதம். பெயர் சுப்பிரமணி, காஞ்சிபுரத்தில் தலைமையாசிரியராக இருந்து ரிட்டயர் ஆனவர் என்றார். மகளுக்கு சிறுசேரியில் வேலை கிடைத்திருக்கிறதாம்.

"இப்பப் பாத்து மட்டும் வெச்சுக்கறேம்மா. ஆடியில குடி போகக் கூடாது பாருங்க. ஆவணி பொறந்து நல்ல நாள் பாத்துப் பால் காய்ச்சிடலாம்."

இந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்தேன். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பேசுகிற மாதிரியே இருந்தது. அடையாள அட்டை கேட்டேன். கோயிலுக்குக் கிளம்பிய அவசரத்தில் எடுத்து வரவில்லை என்றார். பரவாயில்லை சார் என்று சொல்லி, அவர் சொன்ன பெயரையும் போன் நம்பரையும் என் கையாலேயே ரிஜிஸ்டரில் எழுதினேன்.

ஜெயப்பிரியா சி பிளாக் சாவியை எடுத்துவிட்டு நகராமல் நின்றாள். இருபத்திரண்டு வயசு. மானாம்பதிப் பக்கத்திலிருந்து தினம் பஸ்ஸில் வருகிறவள்.

"அக்கா, சடையப்பன் அண்ணன் வந்துடட்டும்க்கா. பத்து நிமிசத்துல வந்துடுவாரு."

"ஏண்டி, பெரியவரைக் காக்க வெப்பியா? போய்க் காட்டிட்டு வா."

அவர் எதிரிலேயே சொன்னேன். அவள் முகம் சுருங்கிப்போயிற்று. அவர் சிரித்துக்கொண்டே எனக்குக் கொஞ்சம் விபூதி கொடுத்தார். வாங்கி இட்டுக்கொண்டேன்.

முக்கால் மணி நேரம் கழித்து அவர் மட்டும் வந்தார். வீடு நன்றாக இருக்கிறது, மகளிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று நிதானமாகச் சொல்லிவிட்டுப் போனார். சரி சார் என்றேன். ஜெயப்பிரியா எங்கே என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. எவனோடாவது போன் பேசிக்கொண்டு நிற்கிறாள் என்று மனசுக்குள் அவளைத்தான் திட்டினேன். பைக் பையன்கள் மூன்று வீடு பார்த்ததில் தாமதமாகிவிட்டது; சடையப்பன் வந்ததும் அவரை சி பிளாக்குக்கு அனுப்பினேன். போன வேகத்தில் ஓடி வந்தார்.

"மேடம், நீங்க வாங்க. நான் உள்ள போவல. அந்தப் பொண்ணு பாத்ரூமுல தாப்பா போட்டுகினு கீது. தொறக்க மாட்டேங்குது."

அவளுக்கு நடந்ததை நான் எழுதப் போவதில்லை. நான் போய்க் கூப்பிட்டு, அவள் கதவைத் திறந்தபோது என் புடவையிலிருந்த ஊக்குகளைக் கழற்றி அவள் சட்டையில் குத்திவிட்டேன். அவளே சாவியை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

ரிஜிஸ்டரில் இருந்த நம்பரை அழைத்தால், அப்படி ஒரு நம்பரே இல்லை என்றது. சடையப்பன் பஸ் ஸ்டாண்டுவரை ஓடிப்போய் வெறும் கையோடு திரும்பினார்.

மறுநாள் ஆனந்தன் வந்தார். ஜெயப்பிரியாவும் அவளுடைய அப்பா அருணகிரியும் வந்திருந்தார்கள். பயிர் வைக்கிற மனுஷன். நாற்காலியில் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. போலீசுக்குப் போகலாமா என்று நான்தான் இழுத்தேன். அருணகிரி வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். ஊருக்குத் தெரிந்தால் பெண்ணை யார் கட்டுவார்கள் என்றார். அதில் ஆனந்தனுக்கு உயிர் வந்தது. சுவரில் இருந்த விதியைக் கை காட்டினார்.

"பாருங்க, கம்பெனி ரூல் தெளிவா இருக்கு. தனியாப் போகக் கூடாதுன்னு பிரிண்ட் போட்டு ஒட்டியிருக்கோம். உங்க பொண்ணு மீறிப் போயிருக்கு. நாங்க என்னங்க செய்ய முடியும்?" பிறகு என் பக்கம் திரும்பினார். "மேடம், நீங்க தனியாப் போகச் சொன்னீங்களா?"

என் வீட்டுக்காரர் இறந்து அப்போது ஆறு வருஷம் ஆகியிருந்தது. மகள் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தாள். இதையெல்லாம் நியாயம் கற்பிக்கச் சொல்லவில்லை. அந்த நொடியில் மனசில் ஓடியதைச் சொல்கிறேன்.

"ரூல் அங்க ஒட்டியிருக்கு சார்," என்றேன்.

பொய் இல்லை. அதைவிட அசிங்கமான ஒன்றை நான் வாழ்க்கையில் சொன்னதில்லை.

அருணகிரி மகளைப் பார்த்தார். "படிச்சவதான நீ? செவுத்துல இன்னா எழுதிகீதுன்னு தெர்ல உனுக்கு?"

ஜெயப்பிரியா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சாவிப் பலகையைப் பார்த்தேன். அவள் அப்பா பக்கம் திரும்பி, "தப்புதாம்பா," என்றாள்.

அதோடு அவள் வேலை போயிற்று. ஆனந்தன் இரண்டு ஏற்பாடு செய்தார். கேட்டில் ஆள் இல்லாததால்தான் அந்த ஆள் சுலபமாக வெளியே போனான், ஆகையால் சடையப்பன் இனி கேட்டை விட்டு நகரக் கூடாது. அடுத்து, விதியைப் படித்தேன், மீறித் தனியாகப் போனால் நானே பொறுப்பு என்று வீடு காட்டுகிற பெண் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படியானால் கூட யார் போவது என்று கேட்டேன். இன்னொரு ஆள் போட மேலிடம் ஒத்துக்கொள்ளாது மேடம், பார்த்துச் செய்யுங்கள் என்றார். அந்தக் காகிதத்தை டைப் அடித்தது நான். அம்சாவிடம் கையெழுத்து வாங்கியதும் நான். அவள் படித்துக்கூடப் பார்க்கவில்லை.

சோறு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை. மூன்றாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை, காலையில் ஆபீசைத் திறந்து அம்சாவிடம் விட்டுவிட்டு மானாம்பதிக்கு பஸ் ஏறினேன். அருணகிரியிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும், உங்கள் பெண் மேல் தப்பில்லை, போகச் சொன்னவள் நான் என்று. வேலை போனால் போகட்டும். வழி முழுக்க அதையே மனப்பாடம் செய்தேன்.

அருணகிரி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கடையிலிருந்து கலர் சோடா வாங்கி வந்து கொடுத்தார்.

"எம்மாம் நல்ல ரூலு போட்டு வெச்சிருந்தீங்க மேடம். எங்கூட்டுக் கழுதைக்குத்தான் கொழுப்பு. உங்களுக்கும் கெட்ட பேரு. மன்னிச்சுக்கணும்."

"அப்படியில்லீங்க. அன்னிக்கு..."

"நீங்க அவள வுட்டுக் குடுக்க மாட்டீங்க, தெரியும். மதுராந்தகம் பக்கத்துல ஒரு எடம் வந்துகீது. ஆளுக்கு ரெண்டாம் கண்ணாலம், வயசு நாப்பது. இன்னா பண்றது, இனிமே அப்டித்தான் வரும். உங்காண்ட வந்து விசாரிச்சா, கண்ணாலத்துக்காக வேலைய வுட்டுட்டான்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க மேடம்."

அந்த மனுஷன் என்னைப் பார்த்துக் கை கூப்பினார். கலரைக் குடித்தேன். சொல்ல வந்தது அதோடு சேர்ந்து உள்ளே போய்விட்டது. சரிங்க என்று தலையாட்டினேன்.

ஜெயப்பிரியா பஸ் ஸ்டாப்புவரை கூட வந்தாள். வீட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரம்தான். அப்பா பார்த்துக்கொண்டே நின்றார். துரும்பாகியிருந்தாள்.

"சொல்லத்தான வந்தீங்க?" என்றாள்.

நான் பையைக் கீழே வைத்தேன்.

"வுடுங்கக்கா. இப்ப சொன்னாலும் எங்கப்பா, அவங்க சொன்னா உனுக்கு எங்க போச்சு புத்தின்னுதான் கேப்பாரு."

"அன்னிக்கு நீயாவது சொல்லியிருக்கலாமேடி. நான்தான் அனுப்பினேன்னு."

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன்."

கோபமே இல்லாமல் சொன்னாள். நாலு அறை அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன். தூரத்தில் பஸ் வருவது தெரிந்தது.

"ஒண்ணே ஒண்ணுக்கா. அம்சாவத் தனியா அனுப்பிடாதீங்க. சடையப்பன் அண்ணன் கூடப் போறாருல்ல?"

"போறார்," என்றேன்.

"நெசமாவா?"

"நெசமாதான். ஒவ்வொரு தடவையும் போறார்."

அவள் பெருமூச்சு விட்டாள். அன்றைக்கு முதல் தடவையாக முகம் கொஞ்சம் தெளிந்தது. "அது போதும்க்கா," என்று என் பையைத் தூக்கி பஸ்ஸுக்குள் கொடுத்தாள்.

உட்கார இடம் கிடைத்ததும் வாட்ச்சைப் பார்த்தேன். பதினொன்று இருபது. பதினோரு மணிக்கு ஒருவர் சி பிளாக்கில் வீடு பார்க்க வருவதாக இருந்தார். போனில் பேசி நேரம் கொடுத்தவள் நான். சாவியைக் காலையிலேயே அம்சா கையில் கொடுத்துவிட்டு வந்திருந்தேன், கூட யாரும் இல்லை.