கனடாவுக்கு அனுப்பாத பிரதி

1

இந்தக் கதை என்னுடைய யோசனை அல்ல. பக்கத்து வீட்டுக் கமலாதேவி அக்கா, கனடாவுக்குப் போக முந்தி, மீன்காரரிடம் சூடை மீனுக்குச் சொல்லிவைப்பதுபோல என்னிடம் சொல்லிவைத்தது.

"என்ர பிள்ளையப் பற்றி ஒரு கதை எழுதுங்கோ தம்பி. உங்கட கதையில வாற ஆக்களெல்லாம் ஒண்டில் சாகுதுகள், இல்லாட்டிக் குடிக்குதுகள். ஒருக்கால் ஒரு நல்ல பிள்ளையப் பற்றி எழுதினால் குறைஞ்சு போவியளோ?"

பிள்ளை என்று அவர் சொன்னது அவர்கள் வீட்டு நாயை.

(அந்த வீட்டில் இந்தச் சொல் தூஷணம். ஒருமுறை தபால்காரர் படலையில் நின்று, "அம்மா, நாயைப் பிடியுங்கோ" என்று சொல்லிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆகவே நானும் இதோடு விடுகிறேன். அவன் பெயர் சூட்டி.)

உண்மையைச் சொன்னால், நக்கல் கதை ஒன்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பெற்ற பிள்ளை கனடாவில், வளர்த்த பிள்ளைக்குத் தீபாவளிச் சட்டை. சிரிக்க இதற்கு மேல் என்ன வேண்டும்? மூன்று தொடக்கம் எழுதினேன்.

'உட்துறைமுக வீதியில் நாலு காலில் நடக்கும் ஒரே கனவான்—'
(நக்கல் தூக்கல். விட்டேன்.)

'மனிதர் ஏன் விலங்குகளைப் பிள்ளைகளாக்கிக் கொள்கிறார்கள் என்று ஆராயப்புகுந்தால்—'
(ஆராய நான் ஆர்? இதையும் விட்டேன்.)

'சூட்டி நித்திரை.'
(இதை அழிக்கவில்லை. ஏன் என்று நாலாம் பகுதியில் தெரியும். அக்காவின் கணவருக்கு அனுப்பும் பிரதியில் இந்த அடைப்புக்குறி இருக்காது.)

2

இனிப் பாத்திரங்கள். குணரத்தினம் அண்ணை கமலா அக்காவின் கணவர். துறைமுகத்தில் இழுவைப்படகு ஓட்டி ஓய்வுபெற்றவர். கஜந்தி அவர்களுடைய ஒரே மகள். சூட்டி, கஜந்தி பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் கண்டு புத்தகப் பையில் போட்டுக் கொண்டுவந்த குட்டி. தவிட்டு நிறம், ஒரு காது மடிந்தது. கஜந்தி கலியாணம் கட்டிக் கனடா போனாள். குட்டி கிழவனானான், சின்னவன் என்று வைத்த பெயர் மட்டும் சூட்டியாகவே நின்றுவிட்டது.

காய்ச்சல் என்றால் அவனுக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடுப்பார்கள். கோணேசர் கோவிலால் வந்தால் முதல் விபூதி அவன் நெற்றிக்கு. கலியாண வீடுகளுக்கு இரண்டு பேரும் சேர்ந்து போனதை நான் காணவில்லை. "சூட்டி தனிச்சுப்போவான்" என்று ஒருவர் வீட்டில் நிற்பார். ஊரில் மற்றதெல்லாம் குரைக்கும். சூட்டி கதைப்பான். "ஏனப்பா பிள்ளை கதைக்கிறான், ஆரோ படலையில போல" என்று அக்கா குசினியிலிருந்து கேட்பார். எங்கள் ஊரில் மாடுபோல மான் திரியும்; அவை வீதிக்கு வந்து குப்பையைக் கிளறினாலும் அவன் துரத்துவதில்லை. துரத்தக்கூடாது என்று அண்ணை சொல்லி வளர்த்தவராம்.

அண்ணை வேலையில் இருந்த காலத்தில், படகு கரைக்குத் திரும்பும்போது ஒரு தரம் நீட்டி ஊதுவார். சூட்டி எழும்பி நின்று தானும் நீட்டிக் கதைப்பான். அக்கா தேத்தண்ணிக்குக் கேத்திலை அடுப்பில் வைப்பார். அண்ணை ஓய்வுபெற்ற பிறகும், எவர் ஊதினாலும் சூட்டி பதில் சொல்லாமல் விட்டதில்லை.

"பாத்தியளோ, நான் பென்சன் எடுத்திட்டன். என்ர மகன் இன்னும் டியூட்டியில நிக்கிறான்" என்பார் அண்ணை.

(ஒரு சந்தேகம். அண்ணையை இவ்வளவு நல்லவராக விட்டால் நம்புவீர்களா? ஒரு குறை சேர்க்கிறேன்: காட்ஸ் விளையாட்டில் களவு செய்வார். சேர்த்தது என்று நினைக்க வேண்டாம், மெய்தான்.)

3

அண்ணைக்கு நெஞ்சில் கோளாறு. மகள் தன்னிடம் வரச் சொல்லி நின்றாள், விசாவும் வந்தது. இந்த வயதில் சூட்டியை விமானத்தில் ஏற்றினால் தாங்கமாட்டான் என்று மிருக வைத்தியர் சொல்லிவிட்டார்.

"அப்ப நானும் போகேல்ல" என்று அண்ணை கதிரையில் இருந்துவிட்டார்.

"ஒரு பிள்ளைக்காக மற்றப் பிள்ளைய விடுறதோ?" என்றார் அக்கா. எந்தப் பிள்ளைக்காக எந்தப் பிள்ளையை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்காது. கடைசியில் அழுதழுது போனார்கள்.

வீட்டைப் பூட்டிய திறப்பு எதிர்வீட்டு ஸெய்னுதீன் நானாவிடம் போனது. கிண்ணியாக்காரர், படகு இயந்திரம் திருத்துபவர். சூட்டி அந்த விறாந்தையை விட்டு வேறெங்கும் இருக்கமாட்டான். நானாதான் கண்ணுக்கெதிரே. (ஏன், நீ இல்லையா என்று கேட்பீர்கள். எனக்கு நாய் என்றால்— எழுதிவிட்டேன், மன்னியுங்கோ அக்கா. எனக்குப் பயம்.)

ஆனால் நானாவால் அவனைத் தொட ஏலாது. ஈரவாய் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கரைத்து; அது அவர்களுடைய மார்க்கம். இத்தனை வருசமும் சூட்டி நானாவின் சாரத்தில் உரசிவிடாமல் பார்த்துக்கொண்டவர் அக்காதான்.

"தொட வேண்டாம் நானா. சோத்த வச்சுப்போட்டு ஃபோன மட்டும் அவனுக்கு நேர பிடியுங்கோ."

அப்படியே நடந்தது. பின்னேரத் தொழுகை முடிந்து நானா வருவார். தட்டை ஒரு தடியால் தள்ளிவைப்பார். கனடாவில் அப்போதுதான் காலை. அழைப்பு வரும்.

"சூட்டி, அம்மா வந்திருக்கிறன். சாப்பிடு ராசா."

அந்தக் குரல் கேட்ட பிறகுதான் தட்டில் வாய் வைப்பான். துறைமுகத்தில் படகு ஊதினால் சாப்பாட்டையும் விட்டுவிட்டு நீட்டிக் கதைப்பான். அண்ணை கனடாவிலிருந்து விழுந்து விழுந்து சிரிப்பது இங்கே கேட்கும்.

"தாய்ட சொல்லுக்குத்தான் திங்கிறான். எனக்கும் மகன்மார் இருக்கானுகள், ஒருத்தன் இப்பிடி இல்ல" என்பார் நானா.

(மத ஒற்றுமைக் கதை என்று ஒருவரும் கை தட்ட வேண்டாம். "சுபஹுத் தொழுகைக்கு முந்தியே எழுப்பிப்போடுறான் ஹராங்குட்டி" என்று நானா அவனைத் திட்டாத நாளில்லை.)

குணரத்தினம் அண்ணைக்கு அனுப்பும் பிரதி இங்கே முடிகிறது. சூட்டி சாப்பிடுகிறான், படகு ஊதுகிறது, அண்ணை சிரிக்கிறார். இதற்கு மேல் வாசிப்பது நீங்கள் மட்டும்.

4

சூட்டி செத்துப்போனான்.

('கண்மூடினான்', 'நம்மை விட்டு—' என்றெல்லாம் எழுதிப் பார்த்தேன். மரண அறிவித்தல் போல இருந்தன. நல்ல பிள்ளையைப் பற்றித்தான் எழுதச் சொன்னார். அதிலும் சாவு வந்துவிட்டது, நான் என்ன செய்ய?)

சில நாளாகவே அவன் எழும்பவில்லை. அக்காவின் குரலுக்கு வாலை மட்டும் அசைப்பான். வைத்தியர் வந்து பார்த்து, வயசு என்றார். "வெக்கைக்குக் களைச்சுப்போனான்" என்று அக்காவுக்குச் சொல்லி வந்தோம். அண்ணைக்கு அடுத்த கிழமை ஒப்பரேஷன்.

நேற்றுப் பின்னேரம் நானா தண்ணீர் வைத்துவிட்டு விறாந்தைப் படியில் இருந்தார். சூட்டி இழுத்து இழுத்து வந்து அவருடைய மடியில் தலையை வைத்தான். வாயால் நீர் வடிந்தது.

"நானா, ஈரம்..." என்றேன்.

"பேசாம இருங்க தம்பி. புள்ள மூச்சுக்குக் கஷ்டப்படுது."

மூச்சு நின்ற பிறகும் அவர் அசையவில்லை. அந்த நேரம் பார்த்து அக்காவின் செய்தி வந்தது: 'பிள்ளைய ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ தம்பி.'

"நித்திரை எண்டு போடுங்க" என்றார் நானா. "அந்த மனுசன் ஒப்பரேஷனுக்குப் போகணும்."

எடுத்தேன். 'சூட்டி நித்திரை' என்று எழுதி அனுப்பினேன். அமைதியான படம். ஒரு பிழையும் எங்களுக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் அக்காவின் குரல்பதிவு வந்தது. மெல்லிய குரல். பின்னால் குழாயில் தண்ணீர் திறந்துவிட்ட சத்தம்.

"தம்பி, படம் கண்டன். நானா அவன மடியில வச்சிருக்கிறார். இவ்வளவு வருசத்தில ஒரு விரலால தொடாத மனுசன். சும்மா நித்திரை கொள்ளுற பிள்ளைய அவர் மடியில வைக்கமாட்டார் தம்பி. எனக்கு விளங்கிட்டுது... நானாவ வடிவாக் கழுவச் சொல்லுங்கோ. வாளி பின் குழாயடியில கிடக்கு. செவ்வரத்தம் பூமரத்துக்குக் கீழ நல்ல மண், அதில எடுக்கச் சொல்லுங்கோ. பிள்ளையையும் அதிலயே வையுங்கோ. இவருக்கு இப்ப ஒண்டும் தெரியவேண்டாம். நான் நாளைக்கும் ஃபோன் எடுப்பன். கதையிலயும் அவனுக்கு ஒண்டும் நடக்கக்கூடாது, இவர் வாசிப்பார்."

செவ்வரத்தைக்குக் கீழே கிடங்கு வெட்டி அவனை வைத்தோம். அதில் வந்த மண்ணிலேயே ஒரு பிடி எடுத்து வாளியில் கரைத்து, நானா கழுவினார். முகத்தையும் சேர்த்துக் கழுவினார். நக்கல் கதை எழுத வந்த நான் பக்கத்தில் நின்று வாய்விட்டு அழுதேன்.

5

மூன்று முடிவு யோசித்தேன்.

அண்ணையிடம் உண்மையைச் சொல்லிவிடுவது. (அக்கா கேட்டுக்கொண்டது என்னாவது?)

இறக்கக்கண்டிப் பக்கம் போய்த் தவிட்டு நிறத்தில் ஒரு குட்டி பிடித்துவந்து— (சீ.)

ஒப்பரேஷன் சுகமாக முடிந்து, அக்கா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சொல்வது. (நல்ல முடிவு. ஆனால் அது அடுத்த கிழமை. இன்றைக்கு இன்னும் பொழுது படவில்லை.)

இன்றைக்கு நடந்தது இது. நானா தொழுதுவிட்டு வந்தார். தட்டோடு வந்தார், பழக்கதோஷம். வெறும் விறாந்தைக்குப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு அதைக் கீழே வைத்தார். அழைப்பு வந்தது. படம் வேண்டாம், குரல் மட்டும் என்று அக்கா ஏற்பாடு செய்திருந்தார்.

"சூட்டி, அம்மா வந்திருக்கிறன். சாப்பிடு ராசா."

அந்தக் குரல் உடையவே இல்லை. எப்படித்தான் ஏலுமாக இருந்ததோ, பாவி மனுசி.

"சாப்பிடுறானோ?" பின்னால் அண்ணை.

"ஓமப்பா. சாப்பிடுறான்."

அப்போது துறைமுகத்தில் இழுவைப்படகு ஊதியது. நீட்டி, ஒரு தரம். நாங்கள் மூன்று பேரும் எல்லாம் யோசித்தோம், இதை ஒருவரும் யோசிக்கவில்லை.

விறாந்தையில் சத்தமில்லை.

"நானா, படகு ஊதுது" என்கிறார் அண்ணை. "பிள்ளை ஏன் கதைக்கேல்ல?"

நானா என்னைப் பார்க்கிறார். பொய்யே பேசாத மனிதர் என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை, 'நாளைக்கு இஞ்சின் தாறன்' என்று எல்லாருக்கும் சொல்பவர். இந்தப் பொய் மட்டும் அவருக்கு வாயில் வரவில்லை. எனக்கோ பொய் எழுதுவதே வேலை, எனக்கும் வரவில்லை. அங்கே அக்கா குழாயைத் திறந்துவிடுகிற சத்தம்.

"நானா? கேக்குதோ? பிள்ளை ஏன்..."

இவ்வளவும் வாசித்தவர் நீங்கள். ஃபோனை உங்கள் பக்கம் பிடிக்கிறேன். அண்ணை காத்துக்கொண்டு நிற்கிறார். சொல்லுங்கோ.