வெள்ளி இரவில் நடந்த நிக்காஹ்

ஃபஹ்மிதாவின் கணவர் இருபத்தாறு வருடம் சவூதியில், தம்மாமில் உழைத்தவர். புருஷனும் பெண்டாட்டியுமாக ஒரே வீட்டில் இருந்த நாட்களைக் கூட்டினால் மூன்று வருடம் தேறாது. ஊரோடு வந்து சேர்ந்த மனிதர், போன வருடம் மவுத்தாகி மண்ணுக்குள்ளும் போய்விட்டார்.

மகள் தஸ்மியாவுக்கும் அந்தக் கதி வரக்கூடாது என்பதுதான் அவள் கையேந்திக் கேட்கிற துஆவெல்லாம். மருமகன் மசூதுக்கும் சவூதியில்தான் வேலை. ஆனால் கல்யாணத்தை அரசாங்கத்தில் பதிந்து சான்றிதழ் வாங்கிவிட்டால் தஸ்மியாவையும் அங்கே அழைத்துக்கொள்ளலாம். மறுநாள் காலை திருவனந்தபுரத்தில் அவனுக்கு விமானம். இரண்டு பேரும் நேரில் நிற்காமல் பதிவு கிடையாது. இன்றைக்கு விட்டால் இனி இரண்டு வருடம் கழித்துத்தான்.

சார்பதிவாளர் ராஜராஜேஸ்வரி தாள்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"ஏம்மா, கல்யாணப் பத்திரிகைல போன மாசம் பன்னெண்டாம் தேதி வியாழக்கிழமைன்னு இருக்கு. பள்ளிவாசல் சான்றுல பதிமூணு, வெள்ளின்னு இருக்கு. எது சரி?"

"ரெண்டுமே சரிதான் மேடம்" என்றாள் ஃபஹ்மிதா. "மஃரிபு தொழுதுட்டுத்தான் நிக்காஹ் நடந்துச்சு. பொழுது அடைஞ்சிட்டா எங்களுக்கு மறுநாள் பொறந்துரும். வியாழக்கிழமை ராத்திரிய வெள்ளி ராவுன்னுதான் சொல்லுவோம். எங்க பள்ளிவாசல் லெப்பை அப்படியே எழுதிட்டாஹ."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்குப் புரியுது. இந்தக் கம்ப்யூட்டருக்கு ராத்திரி பன்னெண்டு அடிச்சாத்தானே மறுநாள்? எழுதுனவரே வந்து திருத்திக் கையெழுத்துப் போடட்டும். மூணு மணிக்குள்ள வாங்க, உங்களுக்காகப் பாக்கேன்."

வெண்ணெய் திரளும்போதா தாழி உடைய வேண்டும்! அன்றைக்கு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடியாமல் லெப்பை அசன் மைதீன் பள்ளியை விட்டு அசையமாட்டார். அசைந்தாலும், நாற்பது வருடமாக நிக்காஹ் புத்தகம் எழுதுகிற அவரிடம் பிழை என்று யார் சொல்வது? மூக்கு நுனியில் கோபத்தை வைத்திருக்கிற ஆள். மசூது பைக்கை எடுத்துக்கொண்டு மேலப்பாளையத்துக்கு ஓடினான். ஃபஹ்மிதா மகளோடு பெஞ்சில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணியை உருட்டினாள்.

இரண்டே முக்காலுக்கு லெப்பை வந்து இறங்கினார். கனத்த புத்தகத்தைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்திருந்தார். முகம் வெயிலில் வாடிக் கிடந்தது.

"சாப்பிட்டியளா லெப்பை?"

"சோறு எங்க போவுது? புள்ளைக்கு நேரமாவுதுல்லா."

புத்தகத்தை மேசைமேல் விரித்து, தான் எழுதிய தேதியைத் தானே ஒரே கோட்டில் அடித்து, பன்னிரண்டு என்று எழுதிக் கையொப்பமிட்டார். சான்றையும் அப்படியே திருத்தி, சட்டைப்பையிலிருந்த முத்திரையை எடுத்துக் குத்தினார். "அல்லாட்ட வெள்ளின்னே இருக்கட்டும். அரசாங்கத்துக்கு வியாழன்னு வச்சுக்கிடுவோம்மா" என்றார். ராஜராஜேஸ்வரி எழுந்து அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

மூன்றரைக்குச் சான்றிதழ் கைக்கு வந்தது. ஃபஹ்மிதாவுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. சாப்பிடாமல் வந்த லெப்பைக்கும், சொன்னபடியே காத்திருந்த அந்த அம்மாளுக்கும் என்ன கைம்மாறு செய்வதென்று தெரியவில்லை. இருவருக்கும் பேர் சொல்லி துஆ செய்தாள். தஸ்மியாதான் வாசலுக்கு வந்ததும் அழ ஆரம்பித்தாள்.

"நானும் போயிட்டா நீங்க ஒத்தையிலல்லா கெடக்கணும் உம்மா?"

ஃபஹ்மிதா மகளின் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"எனக்கு அது பழகிப்போச்சு. நீ பழக வேண்டாம் தாயே."