இடது பூட்ஸுக்குள் இருந்தது

நடிகர் இறந்த மறுமாதம், அவர் நினைவாக நாங்கள் நடத்தும் கண்காட்சிக்குப் பூட்ஸ்களை வாங்கிவர அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். தோளைச் சாய்த்து அவர் நடக்கும் மிடுக்கைப் பார்த்து ஊரே அப்படி நடந்து பழகிய காலம் உண்டு.

முதல் ஜோடியை எடுத்ததுமே திடுக்கிட்டேன். இடது பூட்ஸுக்குள் இரண்டு அங்குலத்துக்குத் தக்கை ஒட்டியிருந்தது. பதறிப்போய் மற்றவற்றையும் பார்த்தேன். அத்தனையிலும் இடதுகாலில் மட்டும் தக்கை!

"பிறவியிலேயே அவருக்கு ஒரு கால் குட்டைம்மா," என்றார் அவர் மனைவி. "தக்கை வச்சும் லேசா நொண்டும். அது தெரியக் கூடாதுன்னுதான் அந்த நடையையே பழகினாரு."

பூட்ஸைக் கையில் பிடித்தபடியே கேட்டேன்.

"தக்கையை எடுத்துட்டு வைக்கட்டுமா?"

"வேணாம். முப்பது வருஷம் நான் மறைச்சது போதும்."

கண்ணாடிப் பெட்டிக்குள் தக்கை தெரியும்படியே வைத்தேன். முதல் நாள் வந்த கூட்டம் அதன் முன்னே மூச்சுவிடாமல் நின்றது.