மூக்கைப் பொத்தினால் நிற்க வேண்டும்

ஜெபக்குமாருக்கும் எனக்கும் ஆகாது. திருக்கோகர்ணத்தில் ஜீப் வேலை தெரிந்த பட்டறை என்னுடையது ஒன்றுதான் என்பதால் வேறு வழியில்லாமல் வந்து நின்றான். நார்த்தாமலைப் பக்கம் ஏதோ ஒரு கண்மாய்க்குள் ஜீப்பை இறக்கி ஏற்றும் பந்தயமாம், மறுநாள். ஆயில் மட்டும் மாற்றச் சொன்னான்.

பானெட் ஓரத்தில், கூரை உயரத்துக்குக் கறுப்பாக ஒரு ஸ்நார்க்கல் குழாய் நின்றது. வண்டி தண்ணீரில் முங்கினாலும் இன்ஜினுக்கு மேலிருந்து காற்று இழுத்துக் கொடுப்பது அதுதான்.

"இத யாரு மாட்டுனது?"

"நான்தான். வீடியோ பாத்து மாட்டுனேன். ஒன்கிட்ட பாடம் கேக்க வரல. ஆயில மாத்துய்யா."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பானெட்டைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டு, குழாயின் வாயை உள்ளங்கையால் இறுக்கி மூடினேன். இன்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

ஜெபக்குமார் தொடையைத் தட்டிச் சிரித்தான். "பாத்தியா? அடைச்சும் நிக்கல! இதுதான்யா என் வேலை!"

"அட கூறுகெட்டவனே, மூக்கப் பொத்துனா அது நின்னிருக்கணும். நிக்கலன்னா வேற எங்கிட்டோ ஓட்டையில மூச்சு விடுது. தண்ணியும் அந்த வழியாத்தான் உள்ள போகும். ஃபில்டர் பெட்டிக்கு அடியில தடவிப் பாரு."

நான் குழாயைப் பொத்தியபடியே நிற்க, அவன் முறைத்துக்கொண்டே பெட்டிக்கு அடியில் கையை விட்டான். அவன் விரல் ஓட்டையை அடைத்ததும் இன்ஜின் திணறி நின்றுபோனது.

"நாளைக்குக் கண்மாய்க்குள்ள இறங்குறப்ப," என்றேன், "அந்த விரல மட்டும் எடுத்துறாத."