நான் சொன்ன ஆமென்

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பெண்கள் ஜெபக்கூட்டம். எங்கள் சபையின் வெளிக்கதவை ஒட்டி ஒரு மரப்பெட்டி தொங்கும். யார் வேண்டுமானாலும் தன் வேண்டுதலை ஒரு சீட்டில் எழுதி, பெயர் போடாமல், அதில் போட்டுவிட்டுப் போகலாம். வெள்ளிக்கிழமை பெட்டியைத் திறந்து ஒவ்வொரு சீட்டாக வாசிப்போம். எல்லோரும் ஆமென் சொல்வார்கள். ஒரு வாரம் நான் வாசிப்பேன், மறு வாரம் பீட்டி டீச்சர்.

எழுதியிருப்பதை அப்படியே வாசிக்க வேண்டும் என்பது பாஸ்டரம்மா போட்ட சட்டம். சட்டம் வரக் காரணமே பீட்டி டீச்சர்தான். "என் மாமியார் வாய் அடங்க வேண்டும்" என்று வந்த சீட்டை, நாகரிகமாக இருக்கட்டுமே என்று, "ஒரு மாமியாருக்குச் சமாதானம் வேண்டும்" என்று மாற்றி வாசித்துவிட்டாள். பின்வரிசையில் ஒருத்தி எழுந்தாள்.

"சிஸ்டர், அவங்க சமாதானமாத்தான் இருக்காங்க. எனக்குத்தான் இல்ல. எழுதினதை வாசிங்க."

ஒன்பது வருடமாக என் சீட்டும் அந்தப் பெட்டியில் விழுகிறது. "என் மகள் எழுந்து நடக்க வேண்டும்." பத்து வயதில் மூளைக்காய்ச்சல் வந்து படுத்தவள்; இப்போது பத்தொன்பது. மூக்கில் குழாய், இடுப்பில் ஆறாத புண். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். முதல் வருடம் என் சீட்டுக்கு வந்த ஆமெனில் கூரை அதிர்ந்தது. இப்போதெல்லாம் பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டதும் 'உள்ளேன்' சொல்வது போலச் சொல்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒன்பது வருடம் ஒரே வரி.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். நாலு வருடமாகச் சபைக்கு வருவதில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை அவருக்கு வார விடுமுறை. மகளைப் பார்த்துக்கொண்டு என்னை அனுப்பி வைப்பார். "நீ போயிட்டு வா, நாங்க பியானோ வாசிக்கறோம்" என்பார். மடங்கிக் கிடக்கும் அவள் விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிவிடும் பயிற்சிக்கு அவர் வைத்த பெயர் அது.

போன வெள்ளிக்கிழமை பீட்டி டீச்சரின் முறை. கன்னத்தில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு வந்து நின்றாள். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருந்தார்கள்.

"நீங்க வாசிச்சுடுங்க சிஸ்டர்" என்று பாஸ்டரம்மா பெட்டியை என் பக்கம் தள்ளினார். "டீச்சர் வாய் அடங்கணும்னு யார் வேண்டிக்கிட்டாங்களோ தெரியல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் சீட்டுகளை எடுத்தேன். வேலை வேண்டும் என்று ஒன்று, கண் ஆபரேஷன் நல்லபடி முடியவேண்டும் என்று ஒன்று. மூன்றாவதைப் பிரித்தேன்.

"பல வருடமாகப் படுக்கையில் கிடக்கும் ஓர் உயிரை, வலி இல்லாமல் உம்மிடம் சேர்த்துக்கொள்ளும்."

வரி முடிகிற இடத்தில் சற்றே மேலே ஏறும் எழுத்து. கல்யாணத்துக்கு முன் அந்த எழுத்தில் எனக்குப் பதினான்கு கடிதங்கள் வந்தன. தூக்கத்தில் எழுப்பிக் காட்டினாலும் யாருடையது என்று சொல்வேன்.

அந்த வரி எனக்குப் புதிதில்லை, அதுதான் கொடுமை. பத்து மாதமாக டீச்சர் வாசிக்கும் வாரங்களில் அது வந்துகொண்டிருந்தது. யாரோ வயதானவர் என்று நினைத்தேன். படுக்கையில் ஒருத்தரை வைத்திருப்பது என்னவென்று அந்த அறையில் எனக்குத்தானே தெரியும்? அதனால் எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னேன். ஒருமுறை அழுதும் இருக்கிறேன். வீட்டுக்கு வந்து, "பாவம்ங்க, யார் வீடோ" என்று அவரிடமே சொன்னேன். அவர் மகளின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"என்ன சிஸ்டர், எழுத்து புரியலையா?" பாஸ்டரம்மா கை நீட்டினார்.

மடித்து வேதாகமத்துக்குள் வைத்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் எந்தச் சீட்டையும் என் விருப்பத்துக்கு வாசிக்காமல் விடும் உரிமை எனக்கு இல்லை. எழுதியவர் யாராக இருந்தாலும் கேட்டது ஆண்டவரிடம்.

"புரியுதும்மா" என்றேன். வாசித்தேன், ஓர் எழுத்தும் மாற்றாமல்.

எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நான் சொல்லவில்லை. இரண்டு சீட்டு தள்ளி என்னுடையது வந்தது. அதையும் வாசித்தேன். அதற்கும் ஆமென் சொன்னார்கள், வழக்கம்போல மெல்ல.

வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் விரல்களை நீட்டிவிட்டுக்கொண்டிருந்தார். செருப்பைக் கழற்றாமலே சொன்னேன்.

"டீச்சருக்குப் பல் பிடுங்கிட்டாங்க. இன்னிக்கு நான் வாசிச்சேன்."

அவர் கை நின்றது. பிறகு நடுவிரலை மெதுவாக மடித்து வைத்தார்.

"என்னை வெட்டிப் போட்டாலும் சரிதான்" என்றார்.

"வெட்டறதுக்கு இப்ப யாருக்குத் தெம்பு இருக்கு? ஏங்க, உங்களுக்கு வேணும்னா நீங்களே ஆண்டவர்கிட்ட நேரா கேக்க வேண்டியதுதானே? என் சபையில கொண்டுபோய் ஏன் போட்டீங்க?"

"நான் கேட்டா அவர் காதுல விழாது."

"அப்ப பீட்டி டீச்சர் கேட்டா விழுமா?"

"டீச்சர் இல்ல. நீ." என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "உன் ஆமென் வேணும்னுதான் போட்டேன். நம்ம வீட்டுல அவர்கிட்ட பேசற ஆள் நீ ஒருத்திதான். தெரிஞ்சா சொல்ல மாட்டே. அதான்..."

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் என் விசுவாசத்தை அவர் மெச்சிப் பேசியது அன்றைக்குத்தான்.

"ஒரே வீட்டுலேர்ந்து ரெண்டு மனு" என்றேன். "அவரும்தான் எதை எடுப்பார்?"

"ரெண்டையும் எடுக்கல இல்ல? பத்து மாசமாச்சு. உன்னுது ஒன்பது வருஷம்."

பதில் சொல்ல வாய் எடுத்தபோது மகளின் கை வெட்டி இழுத்தது. வலிப்பு. மாதத்தில் இரண்டு, மூன்று முறை வருவதுதான். ஆனால் இந்த முறை உதடு நீலமாகப் போனது. நான் அசையாமல் நின்றேன். பத்து மாதம் நான் சொன்ன அத்தனை ஆமெனும் ஒன்றாக வந்து நிற்பது போலிருந்தது.

அசைந்தவர் அவர்தான். ஒரே தாவலில் அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். வாயோரம் வழிந்ததைத் தன் சட்டையால் துடைத்தார். ஒரு கண் கடிகாரத்தில் இருந்தது. "மூச்சு விடும்மா. அப்பா இருக்கேன்ல? விடு, கண்ணு. மூச்சு விடு." குரல் உடைந்து உடைந்து வந்தது. சேர்த்துக்கொள்ளும் என்று எழுதிக் கேட்டவர், போக விடாமல் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

மூன்று நிமிடம் போனது. ஒரு நீளமான மூச்சு வந்தது. உதட்டில் நிறம் திரும்பியது. அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். அவர் முகத்தில் இருப்பது நிம்மதியா, ஏமாற்றமா என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. என் முகத்தையும் யாரும் பார்க்காமல் இருந்ததே நல்லது.

"இனிமே எழுதல" என்றார்.

"எழுதுங்க. உங்களுக்குத் தோணறதை நான் எப்படி நிறுத்தறது? வாசிக்கச் சொன்னா வாசிக்கறேன். ஆமென் மட்டும் எங்கிட்ட கேக்காதீங்க."

பன்னிரண்டு மணிக்கு நான் அவள் கட்டிலருகே முழங்கால் போடுவது வழக்கம். அன்றும் போட்டேன். அவள் நடக்கப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது. அன்றைக்கு வந்த அறிவு இல்லை அது, ரொம்ப நாளாகத் தெரியும். தெரிந்துகொண்டே கேட்பதற்கு விசுவாசம் என்று பெயரா, பிடிவாதம் என்று பெயரா, பாஸ்டரம்மாவிடம் கேட்டாலும் சொல்லத் தெரியாது. விட்டுவிட்டால் அவளுக்காக அதைக் கேட்க உலகத்தில் வேறு ஆள் இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

"என் மகள் எழுந்து நடக்க வேண்டும்" என்றேன். எனக்கே கேட்காத குரல்.

பக்கத்தில் அவர் இருந்தார். முழங்கால் போடவில்லை, எழுந்து போகவும் இல்லை. ஆமென் சொல்லவில்லை. நான்தான் சொல்லிக்கொண்டேன்.

பிறகு, "அந்தப் பக்கம் பிடிங்க" என்றேன். அவளைப் புரட்டிப் படுக்க வைக்கும் நேரம் தாண்டியிருந்தது.