வாசலில் நின்ற வண்டி

காலை ஒன்பது மணிக்கு ஓட்டுநர் ஜீப்பைத் துடைக்க ஆரம்பித்தால் முதலில் கை வைப்பது முன்பக்கத்துப் பலகையில்தான். சிவப்புப் பலகை, வெள்ளை எழுத்து: ‘சிறார் நன்னடத்தை அலுவலர்’. ஒவ்வொரு எழுத்தும் உள்ளங்கை அகலம். தெருக்கோடியில் நிற்கிற கிழவர்கூடக் கண்ணாடி போடாமல் படித்துவிடலாம்.

மாடி ஜன்னலில் நின்று டீ குடித்துக்கொண்டே அலுவலர் அதைப் பார்ப்பார். பார்க்கப் பார்க்க அவருக்குத் திகட்டாது. அந்த வண்டிக்காகப் பதினோரு வருடம் மனு எழுதியவர் அவர். அதுவரை பஸ், பஸ் வராவிட்டால் நடை. போன வருடம் ஒருவழியாக வண்டி வந்து சேர்ந்தபோது மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. பலகையின் நிறத்தை அவரே தேர்ந்தெடுத்தார், எழுத்தின் அளவையும் அவரே சொன்னார். இருபத்தைந்து வருடம் உழைத்தவர் ஒரு பலகைக்கு ஆசைப்பட்டால் அதைக் குறை சொல்ல நாம் யார்?

அவருடைய வேலை கொஞ்சம் விசித்திரமானது. சின்ன வயதில் தப்பு செய்து பிடிபட்ட பிள்ளைகளை நீதிமன்றம் எடுத்த எடுப்பில் சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பிவிடாது. “ஒரு வருடம் ஒழுங்காக இரு, பார்ப்போம்” என்று வீட்டுக்கே அனுப்பும். ஒழுங்காக இருக்கிறார்களா என்று பார்ப்பது இவர் பொறுப்பு. மாதம் ஒருமுறை பிள்ளை அலுவலகத்துக்கு வந்து பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். மாதம் ஒருமுறை இவர் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ‘கையெழுத்து சார்’. நல்ல மனிதர். சாப்பிட்டாயா என்று கேட்காமல் எந்தப் பிள்ளையிடமும் பேனாவை நீட்ட மாட்டார். பத்திரிகைக்காரர்கள் யாராவது வந்தால், சிறுவர்களின் பெயரை வெளியே விடக் கூடாது என்று அரைமணி நேரம் வகுப்பெடுத்துத்தான் அனுப்புவார்.

அவர் பொறுப்பில் இருந்தவர்களில் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி. அவளை அவள் அம்மா ‘பட்டு’ என்று கூப்பிடுவாள். ஒரு கடையில் அசந்த நேரத்தில் ஒரு போனை எடுத்துவிட்டாள். இரண்டே நாளில் பயந்துபோய் அம்மாவிடம் சொல்ல, இருவருமாகப் போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதற்குள் புகார் ஏறிவிட்டது. அதன் பிறகு பத்து மாதம் ஒரு சொல்லுக்கு இடம் வைக்காமல் நடந்துகொண்டாள். பள்ளிக்கூடத்தில் கணக்கில் முதல் மார்க்.

பதினோராவது மாதம் அவள் கையெழுத்துப் போட வரவில்லை. அலுவலர் ஜீப்பில் போய்ப் பார்த்தார். வீட்டில் பூட்டுத் தொங்கியது.

சொல்லாமல் வீடு மாறினால் அது நீதிமன்ற உத்தரவை மீறியதாகும். அறிக்கை எழுதியாக வேண்டும், அறிக்கை போனால் பெண்ணை இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள். திங்கட்கிழமை விசாரணை. அலுவலர் மனமில்லாமல் பேனாவை எடுத்தார். ‘வீட்டைக் காலி செய்துவிட்டனர். காரணம் தெரியவில்லை’ என்று எழுதினார். எழுதி முடித்ததும் இதே வரியை எங்கோ பார்த்த ஞாபகம் வந்தது. அலமாரியைக் குடைந்தார். இந்த ஒரு வருடத்தில் வேறு மூன்று கோப்புகளில் அதே வரி, அவர் கையெழுத்திலேயே இருந்தது. அதற்கு முந்தைய வருடங்களில் ஒன்றில்கூட இல்லை. அவருக்கு என்னவோ போலிருந்தது.

மறுநாள் ஜீப் பிரேக் வேலைக்காக ஒர்க்‌ஷாப்புக்குப் போயிருந்தது. அடையாள அட்டையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு பழையபடி பஸ் ஏறினார்.

பூட்டிய வீட்டுக்கு எதிரே ஒரு தையல் கடை. கழுத்தில் டேப்போடு தையல்காரர் எட்டிப் பார்த்து, வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர் என்று தாமாகவே முடிவு செய்துகொண்டார். அலுவலரும் இல்லை என்று சொல்லவில்லை. நல்ல வீடு, தைரியமாக எடுக்கலாம் என்றார் தையல்காரர். முன்பு இருந்தவர்களை வீட்டுக்காரரே போகச் சொல்லிவிட்டாராம்.

“ஏன், என்ன பிரச்சினை?” என்று அலுவலர் கேட்டார்.

“அந்தப் பொண்ணு சரியில்ல சார். மொதல்ல தங்கமான பொண்ணுன்னுதான் நெனச்சிருந்தோம். ஸ்கூல் விட்டு வந்தா இங்கதான் உக்காந்திருக்கும். என் பட்டன் டப்பாவ எல்லாம் கலர் கலராப் பிரிச்சு வச்சுக் குடுக்கும். அப்புறம் மாசா மாசம் ஒரு செவப்புப் போர்டு வண்டி வந்து வாசல்ல நிக்க ஆரம்பிச்சுது. நடத்தை சரியா இருந்தா நன்னடத்தை வண்டி எதுக்கு வரப்போகுது? ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. கொலைன்னுகூட ஒருத்தன் சொன்னான். நான் பட்டன் டப்பாவ எடுத்து உள்ள வச்சிட்டேன்.”

“உங்க கடையில ஏதாவது காணாமப் போச்சா?”

“போகல. போயிட்டா?”

தையல்காரர் மாதாமாதம் பலகையைத்தான் பார்த்திருக்கிறார், வண்டியிலிருந்து இறங்கிய ஆளின் முகத்தை அல்ல. அந்த வாசலில் வண்டியை நிறுத்தச் சொன்னது அலுவலர்தான். நிழல் இருக்கிறது, இங்கேயே நிறுத்து என்று ஒவ்வொரு மாதமும் சொல்லியிருக்கிறார். பெயரை வெளியே விடாதே என்று ஊருக்கெல்லாம் வகுப்பெடுத்தவர், அந்தப் பிள்ளையின் கதையைத் தானே தெருவெல்லாம் தண்டோரா போட்டிருக்கிறார். வெட்கத்தில் முகம் சுட்டது.

மாலை, பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் பக்கத்து பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தார். பட்டு வந்தாள். அவரைக் கண்டதும் அவள் ஓடவில்லை. சாலையின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, “வண்டி எங்க சார்?” என்றாள். ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று சொன்னதும்தான் மூச்சு விட்டாள்.

“சாப்பிட்டியா?” என்று வழக்கம்போலக் கேட்டார். தலையாட்டினாள். அம்மா வேலை செய்யும் சலவைக்கூடத்தில் கூட வேலை பார்க்கிற அக்கா வீட்டில் ஒரு அறையில் இருக்கிறார்களாம். இரண்டு பஸ் மாறிப் பள்ளிக்கு வருகிறாளாம். ஒரு நாள்கூட லீவு போடவில்லையாம்.

“அப்ப கையெழுத்துப் போட மட்டும் ஏம்மா வரல?”

“வந்தா புது அட்ரஸ் கேப்பீங்க சார். குடுத்தா வண்டி வரும்.”

“வராட்டி இல்லத்துக்கு அனுப்பிடுவாங்கன்னு தெரியுமில்ல?”

“தெரியும். அங்க போனா நான் மட்டும்தான சார் போவேன். வண்டி வந்தா அம்மாவும் சேந்துல்ல வெளிய போகணும்.”

இருபத்தைந்து வருடத்தில் எத்தனையோ பிள்ளைகளை அழவிட்டு ஆறுதல் சொன்னவர் அவர். இன்று அவருக்கே கண் கலங்கியது. கைக்குட்டையைத் தேடுவதுபோல் பையைத் துழாவினார். பட்டு தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

அன்றே அலுவலகம் திரும்பி அறிக்கையைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினார். ‘காரணம்’ என்ற இடத்தில் ‘அலுவலரின் வாகனமும் அதில் உள்ள பலகையும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மற்ற மூன்று குடும்பங்களையும் சேர்த்தே குறிப்பிட்டார்.

திங்கட்கிழமை நீதிபதியம்மா அதை இரண்டு தடவை படித்தார். கண்ணாடிக்கு மேலாக அலுவலரைப் பார்த்தார். “இத இப்படியே விட்டா உங்களுக்கு மெமோ வரும். தெரியுமில்ல?” என்றார்.

“தெரியும்மா. தப்பு என்னுது. என் தப்புக்கு அந்தப் புள்ள உள்ள போகக் கூடாது.”

நீதிபதியம்மா பேனாவை எடுத்தார். பெண் உத்தரவை மீறியதாகக் கருத வேண்டியதில்லை, மீதி ஒரு மாதத்தைத் தாயுடனேயே இருந்து முடிக்கலாம் என்று எழுதினார். பட்டுவின் அம்மா அலுவலரைக் கும்பிடக் கையெடுத்தாள். அவர் பதறிப்போய்த் தடுத்தார். தன்னைக் கும்பிடும்படி தான் ஒன்றும் செய்யவில்லையே என்பது அவருக்குத் தெரியும்.

மெமோ சொன்னபடியே வந்தது. அதைக் கோப்பில் வைத்துவிட்டு, ஸ்க்ரூ டிரைவரோடு கீழே இறங்கிப் பலகையைக் கழற்றினார். ஓட்டுநர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். காலையில் துடைக்க ஒன்றுமில்லாமல் செய்துவிட்டாரே என்று இரண்டு நாள் பேசவில்லை. அந்த மூன்று வீட்டுப் பிள்ளைகளையும் அலுவலர் பஸ்ஸில் போயே தேடிப் பிடித்தார், ஒவ்வொரு தாய் தகப்பனிடமும் மன்னிப்புக் கேட்டார். தையல்காரரிடமும் போனார். தான் யார் என்று சொன்னார், அந்தப் பெண் தங்கமான பெண்தான் என்றார், என்ன வழக்கு என்று மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. தையல்காரர் டேப்பைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார். கிளம்பும்போது ஒரு பெரிய டப்பாவை அலுவலர் கையில் திணித்தார். கலந்து கிடந்த பட்டன்கள்.

“பிரிச்சுக் குடுக்கச் சொல்லுங்க சார். அவசரம் ஒண்ணுமில்ல. அதுவே கொண்டாந்து குடுக்கட்டும்.”

பட்டு கடைசிக் கையெழுத்தைப் போட்ட அன்று பலத்த மழை. தாயும் மகளும் எப்படிப் போவார்கள் என்று அலுவலர் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். புது வீட்டுத் தெருமுனை வந்ததும் ஓட்டுநர் வண்டியை நிறுத்தினார். வீட்டுக்குப் பக்கத்தில் போகக் கூடாது என்பது அவருக்கு இப்போது மனப்பாடம். பட்டு மடியில் பட்டன் டப்பாவைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தாள்.

“வாசல்லயே நிறுத்துங்கண்ணே. மழை பெய்யுது.”

வாசலில் நின்றது வண்டி. பக்கத்து வீட்டம்மா குடையோடு எட்டிப் பார்த்து யார் என்று விசாரித்தாள். “எங்களுக்குத் தெரிஞ்சவங்க” என்று சொல்லிவிட்டுப் பட்டு உள்ளே ஓடினாள்.

திரும்பும் வழியில் நல்ல நெரிசல். பலகை இருந்த காலத்தில் அவனவன் ஒதுங்கி வழி விடுவான், இப்போது சைக்கிள்காரன்கூட மதிப்பதில்லை என்று ஓட்டுநர் புலம்பினார்.

“நமக்கு வழி விடாட்டிப் பரவால்லப்பா,” என்றார் அலுவலர். “அந்தப் புள்ள ஒரு நாள் தப்பு பண்ணுச்சு, ரெண்டே நாள்ல திருத்திக்கிச்சு. நாமதான் ஒரு வருஷமா அதோட தப்ப ஞாபகப்படுத்திட்டே இருந்தோம். தப்பு பண்ணின புள்ள திருந்தி வரும்போது நாம ஒதுங்கி வழி விடணும். அத விட்டுட்டு வாசல்ல போர்டு மாட்டி வச்சா, அது எந்த வழியா வீட்டுக்கு வரும்?”

ஓட்டுநர் ஹாரனில் வைத்த கையை எடுத்தார். முன்னால் போன சைக்கிள்காரன் நனைந்துகொண்டே மெதுவாகத்தான் போனான். ஜீப்பும் அவன் பின்னாலேயே மெதுவாகப் போனது.